பாக்ஸ் தெரிஞ்சவன் போட்ட பாட்டு

‘சென்னை பேஸ்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. 2015இல் வந்தது. பாடியவர் நம்ம சின்னப்பொண்ணு, ‘நாக்க முக்க’ சின்னப்பொண்ணுவேதான். ஆனால் பாட்டைச் செய்தவருக்கும் சென்னைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆக்ராவில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். உத்யன் சாகர் என்று அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. நியூக்ளியா என்றால் போதும், 2016 வாக்கில் கல்லூரியில் படித்த யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். இந்தியாவில் எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்கை ஐந்து நட்சத்திர ஓட்டல் பாரிலிருந்து வெளியே இழுத்து வந்து, டிக்கெட் போட்டு அரங்கம் நிறைய ஆட்களை ஆடவைத்தவர்களில் அவர்தான் முன்னால் நிற்கிறார்.

அவர் வளர்ந்த கதையை ஆங்கிலப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. பெரும்பாலும் பாந்திராவிலோ கோவாவிலோ உட்கார்ந்து எழுதியவை. பெரம்பூரிலிருந்து பார்த்தால் அந்தக் கதை கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. ஆடி மாதம் முழுக்கத் தெருவுக்குத் தெரு பாக்ஸ் கட்டி, ஜன்னல் கண்ணாடி அதிர அதிர வளர்ந்த எங்களுக்கு, ‘பேஸ் மியூசிக் இந்தியாவுக்கு வந்துவிட்டது’ என்ற தலைப்பைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. எங்கிருந்துப்பா வந்தது? அது இங்கேதானே இருந்தது?

முதலில் அவர் கதை. 1998இல் அகமதாபாத்தில் ‘பந்திஷ் ப்ராஜெக்ட்’ என்று ஒரு குழு தொடங்குகிறார்கள். மயூர் நர்வேகர், மெஹிர் நாத் சோப்ரா, இவர். அப்போது இவருக்குப் பதினெட்டு வயதுதான். இந்துஸ்தானி ஆலாபனைக்குக் கீழே கம்ப்யூட்டர் தாளம் வைக்கிற வேலை. அந்தக் காலத்தில் ‘ஏஷியன் அண்டர்கிரவுண்ட்’ என்று லண்டனில் ஓர் அலை அடித்துக்கொண்டிருந்தது. தல்வின் சிங், நிதின் சாஹ்னி மாதிரியான ஆட்கள் தபலாவையும் டிரம் மெஷினையும் கலந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காற்று இங்கேயும் கொஞ்சம் வீசியது. பிறகு அவர் குழுவை விட்டு வெளியே வந்து, நியூக்ளியா என்ற பெயரில் தனியாகச் செய்ய ஆரம்பிக்கிறார். லண்டன் டப்ஸ்டெப்பின் பாணி அவருக்குப் பிடித்துப்போகிறது. நிமிடத்துக்கு 140 தட்டு, ஆனால் பாதி வேகத்தில் நடக்கிற மாதிரி ஒரு கனத்த நடை, அடியில் வயிற்றைப் பிசைகிற பேஸ்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது நம் ஊர்களில் இந்த மாதிரி இசை எங்கே ஒலித்தது? சென்னையில் என்றால் ஜெமினி பக்கம் தி பார்க் ஓட்டலில் ‘பாஷா’, இன்னும் ஒன்றிரண்டு நட்சத்திர ஓட்டல்கள். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தின் புண்ணியத்தில் தனியார் பார் நடத்த ஓட்டலோ கிளப்போ வேண்டும். ஓட்டல்கள் இருப்பது அண்ணா சாலையிலும் தி.நகரிலும் ஓ.எம்.ஆரிலும். ஆக, பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே டான்ஸ் கிளப் என்று ஒன்று முளைக்கவே வழியில்லை. உள்ளே போகிறவர்களும் வெளிநாட்டு டி.ஜே.க்கள் போடுவதையே கேட்கத்தான் போனார்கள். அங்கே போய் ஒருத்தன் சட்டி மேளத்தைப் போட்டிருந்தால் வாசல் வரை கொண்டுவந்து விட்டிருப்பார்கள்.

நியூக்ளியா அந்த இடத்தில்தான் மாறினார். 2013இல் ‘கூச்சா மான்ஸ்டர்’ என்ற தொகுப்பு. அதில் ‘தமிழ் ஃபீவர்’ என்றே ஒரு துண்டு இருக்கிறது. தெருவில் கேட்கிற பேண்டு வாத்தியம், ஊர்வல மேளம், மலிவான ஸ்பீக்கரில் கிழிந்து வரும் குரல், இதையெல்லாம் மறைக்காமல் முன்னால் கொண்டுவந்து வைத்தார். 2015இல் ‘பேஸ் ராணி’. ‘சென்னை பேஸ்’ அதில்தான் வருகிறது. மும்பை ராப் பாடகர் டிவைன் பாடிய ‘ஜங்கிள் ராஜா’வும் அதே தொகுப்புதான். அந்தத் தொகுப்பை அவர் வெளியிட்டது விநாயகர் சதுர்த்தி சமயத்தில். அந்தத் தேர்வே ஓர் அறிக்கை மாதிரி. அடுத்த வருஷம் ‘ராஜா பாஜா’வை மும்பை வொர்லியில் என்.எஸ்.சி.ஐ. டோம் அரங்கில் வெளியிட்டார். அதே 2016இல் ‘கபூர் அண்டு சன்ஸ்’ படத்துக்கு ஒரு பாட்டு. 2019இல் மேஜர் லேசரோடு ‘ஜடி பூட்டி’. அதற்கப்புறம் வந்தவற்றில் பல அதே அச்சில் வார்த்தவை என்பது என் கட்சி. ‘பேஸ் ராணி’யில் இருந்த பசி பிறகு இல்லை. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இனி எங்கள் தெரு.

வடசென்னையில் சவுண்டு சர்வீஸ் என்பது ஒரு தொழில் மட்டுமில்லை, ஒரு மானப் பிரச்சினை. பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரி என்று எந்தப் பக்கம் போனாலும் ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிறார்களா, தீ மிதிக்கிறார்களா, பாக்ஸ் எத்தனை என்பதுதான் முதல் கேள்வி. என் சின்ன வயதில் கூம்பு ஸ்பீக்கரும் குழல் விளக்கும்தான். எல்.ஆர். ஈஸ்வரி குரல் கூம்பில் வரும்போது நடுவில் மட்டும் கத்தும், அடியில் ஒன்றும் இருக்காது. தொண்ணூறுகளில் பேஸ் பாக்ஸ் வந்தது. பதினைந்து இன்ச், பதினெட்டு இன்ச் ஸ்பீக்கர்களைப் பலகைப் பெட்டியில் அடைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ரிச்சி தெருவில் உதிரி வாங்கிக் கட்டிய ஆம்ப். தேவாவின் கானாவும் ரகுமானின் ‘முக்காலா’வும் அந்தப் பெட்டிகளில் வந்தபோதுதான் பாட்டுக்கு அடிவயிறு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு முன் அதே பாட்டுகளை ரேடியோவில் கேட்டபோது அந்த இடம் காலியாகத்தான் இருந்திருக்கிறது.

இந்தப் பெட்டிகளைக் கட்டியவர்கள் யாரும் இஞ்சினியரிங் படித்தவர்கள் இல்லை. பெட்டிக்குள் எவ்வளவு காற்று இருக்க வேண்டும், ஓட்டை எந்த அகலத்தில் வெட்ட வேண்டும், சுவரோரம் வைத்தால் பேஸ் ஏன் கூடுகிறது, இரண்டு பெட்டியை எதிரெதிரே வைத்தால் சில இடங்களில் நிற்பவனுக்கு ஏன் பேஸ் கேட்காமல் போகிறது, எல்லாம் கட்டிக் கட்டிக் கற்றது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஐம்பதுகளிலிருந்து இதே மாதிரி தெருவில் ‘சவுண்டு சிஸ்டம்’ கட்டினார்கள். அதிலிருந்து டப் வந்தது, டப்பிலிருந்து லண்டனில் டப்ஸ்டெப் வந்தது, டப்ஸ்டெப் நியூக்ளியாவுக்கு வந்தது. வியாசர்பாடிக்காரன் கிங்ஸ்டனைப் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு ஊரிலும் ஏழை ஜனம் தன் சத்தத்தைத் தானே பலகை வாங்கி ஆணி அடித்துக் கட்டிக்கொண்டது.

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பத்து ஐந்துக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார். பத்து பத்துக்கு டாப் ஸ்பீக்கர்களை மட்டும் அணைப்பார்கள். பேஸ் இன்னும் பத்து நிமிஷம் ஓடும்.

இன்னொன்றும் எனக்கு எப்போதும் குடைந்துகொண்டே இருக்கும். மெஷினில் செய்கிற இந்த இசை எங்கெங்கே பிறந்தது என்று பாருங்கள். ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் கிராஃப்ட்வெர்க். அவர்கள் 1977இல் ரயில் ஓடுகிற சத்தத்தையே தாளமாக வைத்து ‘ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ செய்தார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட், கார் ஆலைகளின் ஊர். ஆலைகள் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த எண்பதுகளில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்று மூன்று கறுப்பினப் பையன்கள் டெக்னோவைக் கண்டுபிடித்தார்கள். சிகாகோவில் ஹவுஸ் இசைக்குப் பெயர் கொடுத்த கிளப்பின் பெயரே ‘தி வேர்ஹவுஸ்’, பழைய கிடங்கு.

ரயில், ஆலை, கிடங்கு. மூன்றும் எங்கள் பக்கம் கொட்டிக் கிடக்கின்றன. 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். இருக்கிறது, ஸ்விட்சர்லாந்துக்காரர்களோடு சேர்ந்து ஆரம்பித்து, இன்று வந்தே பாரத் வரை ரயில் பெட்டி கட்டுகிறார்கள். கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் இருக்கின்றன. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சனிக்கிழமை இரவு ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் பேண்டு வைத்து ஜோடி ஜோடியாக ஆடிய ஊர் இது. பின்னி கம்பெனியின் பி அண்டு சி மில் இருந்தது. 1918 ஏப்ரலில் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் ஆட்களை வைத்துத்தான் இங்கே பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய கூட்டங்கள், 1921இன் நீண்ட வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம். 1996இல் மில்லை மூடினார்கள்.

டெட்ராய்டில் மூடிக்கிடந்த பேக்கார்டு கார் ஆலைக்குள் தொண்ணூறுகளில் பையன்கள் இரவிரவாக டெக்னோ போட்டு ஆடினார்கள். இங்கே மூடிய பின்னி மில்லுக்குள் என்ன நடந்தது தெரியுமா? சினிமா ஷூட்டிங். வில்லன் ஆட்களைக் கதாநாயகன் கண்ணாடி உடைய உடைய அடிக்கிற அந்தப் பழைய கட்டடம், தகரக் கூரை, ஓட்டை வழியே விழும் வெளிச்சம், பாதிப் படங்களில் பின்னி மில்தான். பாட்டுக்கும் செட் போட்டார்கள். ஆடினவர்கள் யூனியன் கார்டு வைத்திருந்த டான்ஸர்கள். உள்ளூர் ஆட்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்புகிறது. எங்கள் டெக்னோவைச் சினிமா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. முழுக்க விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

நியூக்ளியா வளர்ந்த அகமதாபாத்தும் மில் ஊர்தான் என்பது இங்கே பொருந்துகிறது. அங்கே மில் முதலாளிக் குடும்பமான சாராபாய்கள் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை எழுப்பினார்கள். 1969இல் அந்த நிறுவனத்துக்குள் ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் கொண்டுவந்து நிறுவினார். பின்னால் இருந்தவர் கீதா சாராபாய். இந்தியாவின் முதல் எலெக்ட்ரானிக் இசைக்கூடம் அது. நாலு வருஷம் போல நடந்து நின்றுபோனது. அங்கே பதிவான டேப்புகள் அலமாரியில் கிடந்து, பால் பர்காஸ் என்ற லண்டன் கலைஞர் தோண்டி எடுத்து, 2023இல்தான் தொகுப்பாக வெளியே வந்தன. அகமதாபாத்தில் முதலாளி வீட்டு அம்மா மூக் வாங்கிய காலத்தில் பெரம்பூரில் மில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கிடைத்த ஆசிலேட்டர் அதுதான்.

கொஞ்சம் தாளக் கணக்குக்கு வருகிறேன். பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். கிளப்பில் போடுகிற இசைக்கு நாலின் கணக்கு. ஒன்று இரண்டு மூன்று நாலு, ஒவ்வொன்றிலும் ஒரு கிக். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மறுபடி நாலு. டான்ஸ் மியூசிக்கின் தாய் மெஷினான ரோலண்ட் டி.ஆர்.-808இல் பதினாறு பொத்தான் வைத்தது அதனால்தான். நம் டப்பாங்குத்து அப்படி நடக்காது. அது திஸ்ரம், மூன்றின் கணக்கு. சாவு மேளத்தில் சட்டி அடிப்பதைக் கேளுங்கள்: தகிட தகிட என்று உருண்டுகொண்டே போகும், காலை நேராக வைக்க முடியாது, இடுப்பு தானாகச் சாயும். இந்த உருளலைப் பதினாறு கட்டத்துக்குள் அடைத்தால் குத்தின் உயிர் போய்விடும். கல்யாண ரிசப்ஷனில் டி.ஜே. போடுகிற பையன்கள் இதோடு தினமும் மல்லுக்கட்டுகிறார்கள். இங்கிலீஷ் பாட்டிலிருந்து குத்துக்கு மாறும்போது கலக்க முடியாது, நாலும் மூன்றும் முட்டிக்கொள்ளும். பாட்டை வெட்டுவார்கள், மைக்கில் ‘மாப்பிள்ளை ஃப்ரண்ட்ஸ் எல்லாம் மேல வாங்க’ என்பார்கள், அந்தக் கூச்சலுக்குள் குத்தை எடுத்துவிடுவார்கள். கெட்டிக்காரப் பையன் என்றால் மூன்று மூன்றாக எண்ணி, ஒவ்வொரு மூன்றின் முதல் தட்டிலும் ஒரு கிக் வைப்பான். கிளப்பில் ஆடுகிறவனுக்கு நாலு கிக் கேட்கும், தெருவில் ஆடுகிறவனுக்கு உள்ளே தகிட கேட்கும், இரண்டு பேரும் ஆடுவார்கள். இதைப் பெர்லினில் செய்தால் பத்திரிகையில் கட்டுரை வரும். கொளத்தூர் மண்டபத்தில் செய்கிறவனுக்கு அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு போன் வரும்.

எங்கள் தெரு முனையில் ரொம்ப வருஷமாக சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். அவரிடம் ‘சென்னை பேஸ்’ போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. போனில் போட்டேன். ஐந்து நொடி கேட்டுவிட்டு, “போன்ல இன்னா கேக்கச் சொல்ற? பாதிப் பாட்டு வெளியவே வர்ல” என்று ஒயரைப் பிடுங்கி, டெஸ்ட் பண்ணுவதற்காக வெளியே எடுத்து வைத்திருந்த பேஸ் பாக்ஸில் சொருகினார். எதிர் வீட்டுப் பாட்டி வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“இன்னாபா, சின்னப்பொண்ணக்கா வாய்ஸ் மாரி கீது?” என்றார் அண்ணன்.

“அவங்கதாண்ணே.”

முழுசாகக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும், “நம்ம அடி இல்ல இது. ஆனா பாக்ஸ் தெரிஞ்சவன் போட்டது” என்றார்.

பாக்ஸ் தெரிந்தவன் என்றால் என்ன என்று கேட்டேன்.

“பேஸ் விடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நிறுத்தறான் பாரு. ஒரு மூச்சு. அந்த கேப்புல ஆம்பு மூச்சு வாங்கிக்கும், கோனு நெலைக்கு வந்துரும். அப்பால விட்டான்னா முழுசா தள்ளும். சும்மா போட்டுக்கினே கீறான் பாரு நம்ம பசங்க, கோனு சூடாயி பூடும், ஜனத்துக்கும் காது மரத்துப் பூடும்.”

உலகம் முழுக்க டி.ஜே.க்கள் ‘டிராப்’ என்று எதைச் சொல்லிக் கொண்டாடுகிறார்களோ, அதற்கு இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இவர் ஒரு ஸ்பீக்கர் கெட்டுப்போகாமல் இருக்கும் வழியாக அதைச் சொல்கிறார்.

பிறகு கேட்டார்: “மேளம் யாரு அட்ச்சது?”

“மேளம்லாம் கம்ப்யூட்டர்தாண்ணே.”

“சரி, கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லிக் குட்த்தது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நியூக்ளியாவின் வளர்ச்சியில் எனக்கு முக்கியமாகத் தெரிவதும் அங்கேதான் இருக்கிறது. தெரு இசை முழுக்க ஆள் பெயர் இல்லாமல் நடக்கிறது. சாவுக்கு அடித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது; ‘சட்டி மேளம் சொல்லியாச்சா’ என்போம், அவ்வளவுதான். டான்ஸ் மியூசிக் உலகத்தில் எல்லாமே பெயர்தான். பெயர்தான் டிக்கெட், பெயர்தான் போஸ்டர். பெயரில்லாத சத்தத்தை எடுத்துப் பெயருள்ள மேடைக்குக் கொண்டுபோவதுதான் இந்தத் துறையில் வளர்ச்சி. அப்படிக் கொண்டுபோகிறவன் வழியில் யார் யார் பெயரைக் கூட அழைத்துப்போகிறான் என்பதை வைத்துத்தான் நான் ஆளை எடைபோடுகிறேன். நியூக்ளியா அந்தப் பாட்டில் சின்னப்பொண்ணுவின் பெயரைத் தலைப்போடு சேர்த்துப் போட்டார். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோயில் பாட்டும் நாட்டுப்புறப் பாட்டுமாக வந்தவர் பெயர், டெல்லியிலும் புனேயிலும் ஹெட்போன் மாட்டிய பிள்ளைகளின் திரையில் எழுத்தாக ஓடியது. அதற்காக நியூக்ளியாவுக்கு ஒரு மார்க் கூடவே போடுவேன்.

எல்லோருக்கும் அது நடப்பதில்லை. மும்பையில் சரண்ஜித் சிங் என்று ஒரு சினிமா வாத்தியக்காரர். 1982இல் மூன்று ரோலண்ட் மெஷின்களை மேஜையில் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எச்.எம்.வி.யில் ஒரு ரிக்கார்டு போட்டார். யாரும் வாங்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து சிகாகோவில் அதே டி.பி.-303 மெஷினை முறுக்கி ‘ஆசிட் ஹவுஸ்’ பிறந்தது. 2010இல் ஒரு டச்சுக்காரர் பழைய ரிக்கார்டைத் தேடிப் பிடித்து மறுபதிப்புப் போட்டபோது உலகம் வாயைப் பிளந்தது. எழுபது வயதில் அந்த மனிதர் ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். 2015 ஜூலையில் இறந்தார், ‘பேஸ் ராணி’ வருவதற்குச் சில வாரம் முன்னால்.

கோடம்பாக்கம் கதை இன்னொன்று. எம்.ஐ.ஏ., அதாவது மாதங்கி அருள்பிரகாசம், லண்டன் ஈழத்துப் பெண். முதல் ஆல்பத்துக்கான டெமோக்களை ரோலண்டின் எம்.சி.-505 என்ற பெட்டியை வைத்துக்கொண்டு உருவாக்கியவர். 2007இல் வந்த ‘கலா’வுக்காகச் சென்னை வந்து, ரகுமானின் ஏ.எம். ஸ்டுடியோவில் உறுமிக்காரர்களை உட்காரவைத்துப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’வையும் ‘பாய்ஸ்’ஸையும் நல்ல பாக்ஸில் கேளுங்கள். என் கணக்கில் உலக டான்ஸ் மியூசிக்குக்குத் தமிழ் அடி போன முதல் பெரிய பாதை அதுதான், நியூக்ளியாவுக்கு முன்பே. அந்த ஆல்பத்தின் முதல் பாட்டில் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’வும் துண்டாக வருகிறது. இளையராஜா பெயர் அட்டையில் உண்டு. உறுமி அடித்தவர்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்ல இங்கே எத்தனை பேரால் முடியும்?

2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டின் கதை பக்கத்திலேயே நடந்தது. சந்தோஷ் நாராயணன் இசை, பாடியவர்கள் தீ, அறிவு. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் முன்னோர்களின் வாழ்க்கையை எழுதிப் பாடினவர் அறிவு. பிரெஞ்சு டி.ஜே. ஸ்னேக் அதை ரீமிக்ஸ் செய்தார். நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் விளம்பரத் திரை வைத்தார்கள். அதில் அறிவு இல்லை. ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையிலும் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பொதுவெளியிலேயே கேட்டார், பெரிய சண்டை ஆனது. பிறகு அந்தப் பத்திரிகை அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை போட்டது. யார் மேல் தப்பு என்று நான் இங்கே பஞ்சாயத்து பண்ணப்போவதில்லை. சவுண்டு சர்வீஸ் அண்ணன் கேட்ட கேள்வி அமெரிக்கா வரைக்கும் போகிறது என்பதற்காகச் சொன்னேன்.

இதற்கு நேர் எதிராக ஒன்றும் நான் பார்த்திருக்கிறேன். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி. டென்மா நடத்த, கிட்டாரும் டிரம்ஸும் பறையும் சட்டியும் டோலக்கும் ஒரே மேடை. ராயபுரத்து இசைவாணி பாடினார். அன்றைக்கு மேடையில் சட்டி அடித்தவர் பெயரையும் மைக்கில் சொன்னார்கள். கூட்டம் கத்தியது. அது எலெக்ட்ரானிக் இசை இல்லைதான். ஆனாலும் நம்ம பக்கத்து அடிக்காரன் பெயரோடு மேடை ஏற முடியும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப், எஃப்.எல். ஸ்டுடியோ, ஒரு பக்கம் மட்டும் கேட்கிற ஹெட்போன். கானா அண்ணன்களைப் போனில் பாடவைத்து வாங்கி, அதற்கு அடியில் பேஸ் வைக்கிறான். மூன்றுக்கு ஒரு கிக் கணக்கெல்லாம் யாரும் சொல்லாமலே பிடித்துவிட்டான். யூடியூபில் போடுகிறான்; சினிமாத் துண்டு எதையாவது சேர்த்தால் காப்பிரைட் என்று தூக்கிவிடுகிறார்கள். அதனால் இப்போது சினிமாவே இல்லாமல் செய்கிறான், பாட்டு முன்னைவிட நன்றாகவே வந்திருக்கிறது. நியூக்ளியாவுக்குக் குழு இருந்தது, மேனேஜர் இருந்தார், விழா நடத்துகிறவர்களோடு பேச இங்கிலீஷ் இருந்தது. இவனிடம் இதில் ஒன்றும் இல்லை. அந்த வித்தியாசத்தைத் திறமை என்று சொல்லி ஏமாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் விழா என்று சவுண்டு சர்வீஸ் அண்ணனோடு போய் அவன் டி.ஜே. போடுகிறான். பேனரில் கட்சித் தலைவர் படம், தெருப் பெரியவர்கள் படம், கீழே சவுண்டு சர்வீஸ் பெயர் கொட்டை எழுத்தில். இவன் பெயர் எங்கேயும் இருக்காது. இந்த ஆடிக்கு அண்ணனிடம் போய் ஒரு பேரம் பேசியிருக்கிறான்: கூலியில் ஐந்நூறு குறைத்துக்கொள்ளலாம், பேனரில் ‘டி.ஜே.’ என்று போட்டுப் பக்கத்தில் பெயர் வர வேண்டும். அண்ணன் ஒத்துக்கொண்டார். குறைக்கவும் வேண்டாம் என்றாராம். எழுத்து மட்டும் தன் கடைப் பெயரைவிடச் சின்னதாக இருக்கணும் என்பது அவர் கண்டிஷன். அதில்தான் இன்னும் இழுபறி.